பழைய ஏஎஸ்/400 புரோகிராம்களைப் புதுப்பித்தல்: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 என்ற வணிகக் கணினியில் ஓடும், ஆர்பிஜி என்ற மொழியில் எழுதிய ஒரு புரோகிராமை உங்களிடம் கொடுத்து "இதை மாடர்னாக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள். எல்லாம் நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கியிருக்கிறது. ஃபீல்டு பெயர் எதுவும் ஆறு எழுத்தைத் தாண்டவில்லை. எங்கே பார்த்தாலும் 40, 41, 99 என்று எண்கள். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஆனால் அந்தப் புரோகிராம்தான் தினமும் பில் போடுகிறது, சரக்கு இருப்பைக் கழிக்கிறது, மாதக் கடைசியில் கணக்கை முடிக்கிறது. அப்படி ஒரு நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு மாற்றத்தில் புரோகிராம் எழுதப்பட்டிருக்கும் விதத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் அது செய்யும் வேலையை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே மாற்றத்தில் சேர்க்காதீர்கள். பழைய கோடை ஒழுங்குபடுத்தும்போதே "இந்த வரி விதியையும் திருத்திவிடலாமே" என்று கை போகும். போக விடாதீர்கள். மாதக் கடைசியில் தொகை ஒத்துவராமல் போனால், அது நீங்கள் வேண்டுமென்றே செய்த திருத்தமா, தெரியாமல் நுழைந்த பிழையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம்

ஐபிஎம் 1988 ஜூனில் ஏஎஸ்/400-ஐ அறிவித்தது. அதற்கு முன்னால் சிஸ்டம்/36, சிஸ்டம்/38 என்று இரண்டு தனி வரிசைகள் இருந்தன. இரண்டின் வாடிக்கையாளர்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது இந்த இயந்திரம். அப்புறம் பெயர் பல முறை மாறியது. 2000-இல் ஐசீரீஸ், பிறகு சிஸ்டம் ஐ. 2008 முதல் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர் ஐபிஎம் ஐ, அது ஓடுவது பவர் சர்வர்களில். வேலை செய்கிறவர்கள் பலர் இன்னும் ஏஎஸ்/400 என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

இவ்வளவு பழைய புரோகிராம் இன்னும் எப்படி ஓடுகிறது என்பதற்குக் காரணம் சிஸ்டம்/38 காலத்து வடிவமைப்பு. மின்னசோட்டாவின் ராசெஸ்டரில் ஃபிராங்க் சோல்டிஸும் அவருடன் வேலை செய்தவர்களும் வகுத்தது அது. அதில் புரோகிராம் ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசாது, நடுவில் ஒரு இயந்திர இடைமுகம் நிற்கும். 1995-இல் 48 பிட் பிராசஸரிலிருந்து 64 பிட் பவர்பிசிக்கு மாறியபோது, புரோகிராம் ஆப்ஜெக்ட்டுக்குள் (சோர்ஸைக் கம்பைல் செய்தால் கிடைக்கும், ஓடும் வடிவம் அது) தேவையான தகவல் இருந்தவரை, சிஸ்டமே அதைப் புதிய பிராசஸருக்கு மொழிபெயர்த்துக்கொண்டது. அந்தத் தகவலை இடம் மிச்சப்படுத்த நீக்கியிருந்தவர்கள்தான் சோர்ஸைத் தேடி அலைந்தார்கள். 2008-இல் 6.1 பதிப்புக்குப் போகும்போதும் இதே மாதிரி ஒரு மாற்றம் நடந்தது.

மொழிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆர்பிஜி 1959-இல் ஐபிஎம் 1401 கணினிக்காக வந்தது. துளை அட்டை இயந்திரங்கள் வேலை செய்த வரிசையையே அது பின்பற்றியது: ஒரு ரெக்கார்டைப் படி, கணக்கிடு, அச்சிடு, அடுத்ததுக்குப் போ. இந்தச் சுழற்சியை நீங்கள் எழுத வேண்டியதில்லை, மொழியே சுற்றும். இன்று பழைய புரோகிராமில் படிக்கும் கட்டளையே கண்ணில் படாமல் ஃபைல் படிக்கப்படுகிறது என்றால் காரணம் இதுதான். சிஸ்டம்/38-உடன் ஆர்பிஜி III வந்தது, 1994-இல் ஆர்பிஜி IV. 2001-இல் கணக்கீட்டு வரிகளை நெடுவரிசைக் கட்டுப்பாடு இல்லாமல் எழுத வழி வந்தது. 2013-இல் ஃபைல், மாறி அறிவிப்புகளுக்கும் அது விரிந்தது. 2015 முதல் முதல் வரியில் இரண்டு நட்சத்திரமும் 'ஃப்ரீ' என்ற சொல்லும் போட்டுவிட்டால், வரியின் தொடக்கத்திலிருந்தே எழுதலாம்.

அதனால் "ஆர்பிஜி பழைய மொழி, தூக்கிவிட்டு வேறு மொழியில் முழுவதும் எழுதிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்றைய ஆர்பிஜியில் எழுதிய ஒரு புரொசீஜரை வேறு மொழி தெரிந்த யாரும் வாசித்துவிடலாம். திரை, வணிக விதி, ஃபைல் மூன்றும் ஒரே புரோகிராமுக்குள் பின்னிக் கிடக்கின்றன, சிக்கல் அங்கே இருக்கிறது. அதைப் பிரிக்காமல் மொழியை மாற்றினால் அதே சிக்கல் புது மொழியில் இருக்கும். பிரித்த பிறகு, எந்தப் பகுதியை எந்த மொழிக்குக் கொண்டுபோகலாம் என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள்

கோடைத் தொடுவதற்கு முன் ஒரு பட்டியல் வேண்டும். 'டிஸ்ப்ளே புரோகிராம் ரெஃபரன்ஸஸ்' கட்டளையை முழு லைப்ரரிக்கும் (ஆப்ஜெக்ட்டுகளை வைத்திருக்கும் ஃபோல்டர் மாதிரி) ஓட்டி, விடையைத் திரைக்கு அனுப்பாமல் ஒரு அவுட்ஃபைலில், அதாவது விடையைச் சேமிக்கும் ஃபைலில், போடுங்கள். எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது, படிக்க மட்டுமா, திருத்தவும் செய்கிறதா, எந்தப் புரோகிராமை அழைக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். ஒரு எச்சரிக்கை: அழைக்கும் பெயரை மாறியில் வைத்து அழைத்திருந்தால் அந்த அழைப்பு இந்தப் பட்டியலில் சரியாக வராது. மெனு புரோகிராம்களில் இந்தப் பழக்கம் அதிகம், அங்கே சோர்ஸைத்தான் தேட வேண்டும். அடுத்து 'டிஸ்ப்ளே டேட்டாபேஸ் ரிலேஷன்ஸ்' கட்டளையால் தரவை வைத்திருக்கும் ஒவ்வொரு பிசிக்கல் ஃபைலின் மேலும், அதே தரவை வேறு வரிசையிலோ வடிவத்திலோ காட்டும் எந்தெந்த லாஜிக்கல் ஃபைல்கள் நிற்கின்றன என்று எடுங்கள்.

ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் கடைசியாக எந்தத் தேதியில் பயன்பட்டது என்பதைச் சிஸ்டமே வைத்திருக்கிறது. அதைப் பட்டியலில் சேர்த்துப் பார்த்தால், யாரும் தொடாத புரோகிராம்கள் நிறைய இருப்பது தெரியும். அவற்றைப் புதுப்பிக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஆறு மாதமாக ஓடவில்லை என்பதால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆண்டு முடிவுக் கணக்குப் புரோகிராம் வருடத்தில் ஒரு நாள்தான் ஓடும்.

இதோடு ஆட்களிடமும் பேசுங்கள். பில் போடுகிறவர், சரக்கு பார்க்கிறவர், கணக்கு முடிக்கிறவர் ஆகியோரிடம், அவர்கள் வேலை செய்யும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "இந்தத் திரையில் எஃப்10 அழுத்துவதற்கு முன்னால் ஒரு முறை எஃப்5 அழுத்த வேண்டும்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். எந்த ஆவணத்திலும் அது இருக்காது. பழைய புரோகிராமர் தொடர்பில் இருந்தால், அவரிடம் "ஏன் இப்படி எழுதினீர்கள்" என்று கேட்காதீர்கள். "இந்தப் பகுதி எந்தத் தேவைக்காக வந்தது" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால், ஒரு விசித்திரமான ஐந்து வரிக்குப் பின்னால் எந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த எந்தச் சலுகை இருக்கிறது என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கும். அந்த ஐந்து வரியை 'தேவையற்ற கோட்' என்று நீக்க இருந்தீர்கள் என்றால், அந்த ஒரு பேச்சு உங்களைக் காப்பாற்றும்.

சோர்ஸும் ஆப்ஜெக்ட்டும் ஒன்றுதானா?

இதைச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு புரோகிராம் ஆப்ஜெக்ட்டும் தான் எந்த லைப்ரரி, எந்த சோர்ஸ் ஃபைல், அதற்குள் எந்த மெம்பரிலிருந்து (ஒரு புரோகிராமின் சோர்ஸ் ஒரு மெம்பரில் இருக்கும்) கம்பைல் ஆனது என்பதையும், அப்போது அந்த மெம்பர் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, நேரத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது. இப்போது இருக்கும் மெம்பரின் தேதியோடு அதை ஒப்பிடுங்கள். தேதிகள் வேறாக இருந்தால் யாரோ சோர்ஸைத் திருத்திக் கம்பைல் செய்யாமல் விட்டிருக்கலாம், இல்லை வேறொரு லைப்ரரியில் இருக்கும் சோர்ஸ்தான் உண்மையானதாக இருக்கலாம். சோர்ஸே கிடைக்காத புரோகிராம்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரிபார்த்த பிறகு சோர்ஸை, அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவிக்குக் கொண்டுபோகலாம். சோர்ஸ் மெம்பர்களை ஐஎஃப்எஸ் எனப்படும் சாதாரண ஃபோல்டர் அமைப்புக்கு நகலெடுத்து, யூடிஎஃப்-8 எழுத்துமுறைக்கு மாற்றி, அங்கிருந்து கிட்டில் சேர்க்க வேண்டும். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சோர்ஸ் ஃபைலின் ஒவ்வொரு வரியிலும் அது திருத்தப்பட்ட தேதி ஆறு இலக்கத்தில் இருக்கும், சாதாரண ஃபைலுக்குப் போனால் அந்தத் தேதிகள் போய்விடும். அதனால் பழைய சோர்ஸ் ஃபைலை அப்படியே ஒரு லைப்ரரியில் பூட்டி வையுங்கள். இரண்டாவது, அந்தக் காலத்தில் கமெண்ட் வரிகளுக்கு வண்ணம் வர வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியாத பைட்டுகளை நடுவில் செருகுவார்கள். எழுத்துமுறை மாறும்போது அவற்றில் ஒன்று வரி முறிவாக மாறிவிடும், கமெண்ட்டின் பின்பாதி தனி வரியாகி கம்பைல் நிற்கும். நகலெடுப்பதற்கு முன்பே அந்த பைட்டுகளை வெற்றிடமாக மாற்றிவிடுங்கள்.

எடிட்டர் விஷயம் சுருக்கமாக: பழைய எஸ்இயு எடிட்டரின் இலக்கணச் சோதனை 6.1 பதிப்போடு நின்றுவிட்டது, புதிய ஆர்பிஜியை எழுதினால் பிழை என்று சொல்லும். ஆர்டிஐ என்ற ஐபிஎம்மின் எடிட்டர் அல்லது விஎஸ் கோடில் 'கோட் ஃபார் ஐபிஎம் ஐ' என்ற நீட்சி, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விஎஸ் கோட் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் எளிது.

ஒரு சோதனைக் களம்

பழைய புரோகிராமுக்கு டெஸ்ட் கேஸ் எதுவும் இருக்காது. விவரக் குறிப்பும் இருக்காது. அதனால் இப்போது ஓடும் புரோகிராமின் விடையையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். அது தவறாகக் கணக்கிட்டாலும் இப்போதைக்கு அந்தத் தவறுதான் எதிர்பார்க்கும் விடை. அதை ஒரு பட்டியலில் எழுதி வையுங்கள், பின்னால் தனி மாற்றமாகத் திருத்தலாம்.

இந்த இயந்திரத்தில் சோதனைக் களம் அமைப்பது மற்ற இடங்களைவிட எளிது. காரணம் லைப்ரரி லிஸ்ட். புரோகிராமில் ஃபைலின் பெயர் மட்டும்தான் இருக்கும், எந்த லைப்ரரியில் என்பதை ஓடும் ஜாபின் லிஸ்ட் முடிவு செய்யும். ஃபைல்களை இரண்டு சோதனை லைப்ரரிகளுக்கு நகலெடுங்கள். ஒன்றை முன்னால் வைத்துப் பழைய புரோகிராமை ஓட்டுங்கள், இன்னொன்றை வைத்துப் புதியதை ஓட்டுங்கள். அப்புறம் இரண்டு லைப்ரரியிலும் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் எஸ்க்யூஎல்லில் 'எக்ஸெப்ட்' போட்டு இரு திசையிலும் கழித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் காலியாக வந்தால் ஃபைல்கள் ஒத்துப்போகின்றன, ஒரே மாதிரி ரெக்கார்டு பலமுறை வரக்கூடிய ஃபைல் என்றால் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அச்சு அறிக்கைகளையும் விடாதீர்கள். அச்சுக்குக் காத்திருக்கும் வெளியீடான ஸ்பூல் ஃபைலை ஒரு டேட்டாபேஸ் ஃபைலுக்கு நகலெடுத்தால் வரிக்கு வரி ஒப்பிடலாம். ஓடிய தேதி, நேரம் அச்சாகும் வரிகள் மட்டும் வேறுபடும்.

நகல் லைப்ரரியில் ஓட்டும் முன், மற்றப் புரோகிராம்களை ஓட்டிவைக்கும் கட்டளைகளைக் கொண்ட சிஎல் புரோகிராம்களில் லைப்ரரி பெயர் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். புரோகிராம் திறக்கும் ஃபைலை வேறொன்றுக்குத் திருப்பிவிடும் ஒரு 'ஓவர்ரைடு' கட்டளையில் உண்மையான லைப்ரரியின் பெயர் இருந்துவிட்டால் உங்கள் சோதனை உண்மையான கணக்கில் எழுதிவிடும். சின்ன மதிப்புகளைச் சேமித்துவைக்கும் டேட்டா ஏரியாக்களையும் மறக்காதீர்கள், அடுத்த பில் எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கூடவே சோதனை ஃபைல்களுக்கு ஜர்னல் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் குறிப்பேடு) போட்டு, மாற்றத்துக்கு முன், பின் இரண்டு வடிவத்தையும் பதியச் சொல்லுங்கள். கடைசி விடை ஒன்றாக இருந்தும், எழுதிய வரிசை வேறாக இருந்தால் அது ஜர்னலில்தான் தெரியும்.

மொழிமாற்றம், அதிலிருக்கும் குழிகள்

மெம்பரின் டைப் 'ஆர்பிஜி' என்றிருந்தால் அது மூன்றாவது தலைமுறை, 'ஆர்பிஜிஎல்இ' என்றிருந்தால் நான்காவது. மூன்றிலிருந்து நான்குக்கு மாற்ற 'கன்வர்ட் ஆர்பிஜி சோர்ஸ்' என்ற கட்டளை சிஸ்டத்திலேயே இருக்கிறது. இலக்கு சோர்ஸ் ஃபைல் 112 நீளத்தில் இருக்க வேண்டும், பழையது பெரும்பாலும் 92-தான் இருக்கும். பல புரோகிராம்கள் சேர்த்துக்கொள்ளும் பொதுச் சோர்ஸான காப்பி மெம்பர்களைத் தனியாக மாற்ற வேண்டும். இந்தக் கட்டளை நெடுவரிசை வடிவத்தையே வைத்துக்கொள்ளும், கட்டுப்பாடற்ற வடிவத்துக்கு மாற்றாது. ஆனால் நம்பகமானது. மாற்றி, கம்பைல் செய்து, சோதனைக் களத்தில் ஓட்டி, ஒத்துவந்தால் அங்கேயே நிறுத்தி அதை மட்டும் நேரடிப் பயன்பாட்டுக்கு அனுப்புங்கள்.

கம்பைல் செய்யும்போது ஆக்டிவேஷன் குரூப் என்ற ஒன்றைக் கேட்கும், ஒரு ஜாபுக்குள் புரோகிராமின் மாறிகளும் திறந்த ஃபைல்களும் இருக்கும் தனிப் பகுதி அது. பழைய புரோகிராம்கள் எல்லாம் 'டிஃபால்ட்' குரூப்பில் ஓடும். முதல் கட்டத்தில் புதியதும் அங்கேயே ஓடட்டும். அவசரப்பட்டு 'நியூ' என்று கொடுத்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதிய குரூப் உருவாகி அழியும். வேகம் குறையும், முந்தைய அழைப்பில் மாறிகளில் இருந்த மதிப்பும் போகும். இண்டிகேட்டர் என்பது ஆன், ஆஃப் என்று இரண்டே நிலை உள்ள ஒரு குறி, எல்ஆர் என்பது புரோகிராம் முழுவதுமாக முடிந்தது என்று சொல்லும் இண்டிகேட்டர். பல பழைய புரோகிராம்கள் எல்ஆர் இண்டிகேட்டரை ஆன் செய்யாமலே திரும்பிப் போகும். அடுத்த முறை அழைக்கும்போது மாறிகள் பழைய மதிப்போடு இருக்கும் என்பதை நம்பியே அவை எழுதப்பட்டிருக்கும். அது பிழை போலத் தெரியும், ஆனால் அந்தப் புரோகிராம் ஓடுவதே அதனால்தான்.

அடுத்த கட்டம் கட்டுப்பாடற்ற வடிவம். இங்கேதான் புதியவர்கள் அதிகம் விழுகிறார்கள். பழைய கட்டளைகளும் புதிய ஒதுக்கீட்டுக் கட்டளையான ஈவாலும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் விளிம்பு நிலைகளில் வேறு விதமாக நடக்கும்.

மூவ் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு எழுத்து ஃபீல்டில் 12345678 இருக்கிறது. அதில் 99 என்ற இரண்டு எழுத்தை மூவ் செய்தால் வலப்பக்கத்தில் மட்டும் மாறி 12345699 ஆகும். அதையே ஈவாலாக எழுதினால் 99-ம் அதன் பின்னால் ஆறு வெற்றிடமும் கிடைக்கும். மூவ் எல் இடப்பக்கத்திலிருந்து இதே வேலையைச் செய்யும். தேதியின் துண்டுகளை ஒட்ட இந்தக் குணத்தை அந்தக் காலத்தில் நிறையப் பயன்படுத்தினார்கள். கட்டுப்பாடற்ற வடிவத்தில் மூவ் கிடையாது. அதனால் ஒவ்வொரு மூவையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பக்கத்தின் நீளமும் வகையும் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகே மாற்றுங்கள். ஒரே தேடல்-மாற்றலில் எல்லாவற்றையும் மாற்றுவது கூடவே கூடாது.

எண் ஃபீல்டில் மதிப்பைப் போடும் பழைய கட்டளையான இசட்-ஆட் இன்னொன்று. ஐந்து இலக்க ஃபீல்டில் 100250 என்ற மதிப்பைப் போட்டால், வழக்கமான கம்பைல் அமைப்பில் மேல் இலக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு 00250 என்று வைத்துக்கொள்ளும். ஈவால் அங்கே பிழை எழுப்பி நிற்கும். நிற்பதுதான் நல்லது என்பது என் கருத்தும்கூட. ஆனால் இரவு ஓடும் பேட்ச் வேலை முதல் நாளே நின்றுபோனால் பழி புதுப்பித்தலின் மேல் விழும். எந்தெந்த ஃபீல்டு நிறைந்து வழிகிறது என்று உண்மையான தரவில் முன்கூட்டியே எஸ்க்யூஎல்லில் பார்த்துவிடுங்கள்.

பின்னம் மூன்றாவது, என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமானது. பழைய புரோகிராமில் வகுத்தல் ஒரு வரி, பெருக்கல் அடுத்த வரி. நடுவில் விடை இரண்டு தசம ஃபீல்டில் தங்கிப் போகும். 100-ஐ 7-ஆல் வகுத்தால் 14.28, அதை 50-ஆல் பெருக்கினால் 714.00. இரண்டு வரியையும் சேர்த்து ஒரே கோவையாக அழகாக எழுதினால் நடுவில் எதுவும் வெட்டப்படாது, விடை 714.28. புதிய விடைதான் கணிதப்படி சரி. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு இத்தனை வருடம் போன பில்லில் இருப்பது பழைய விடை. எனவே இடைநிலை ஃபீல்டை அப்படியே வைத்திருங்கள். மாற்ற வேண்டுமென்றால் கணக்குத் துறையின் ஒப்புதலோடு, தனி மாற்றமாகச் செய்யுங்கள்.

தேதிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆறு இலக்கத் தேதிகளில் இரண்டு இலக்க ஆண்டை இந்தச் சிஸ்டம் 1940-இலிருந்து 2039 வரை என்று புரிந்துகொள்கிறது: 40 என்றால் 1940, 39 என்றால் 2039. நீண்ட காலக் கடன், காப்பீடு, ஓய்வூதியக் கணக்குகள் அந்த எல்லையை ஏற்கெனவே தொடுகின்றன. அறிவிப்புகளை மாற்றும்போது உண்மையான தேதி வகைக்குப் போவது நல்லது. அதுவும் தனி மாற்றம்தான்.

இண்டிகேட்டர்களுக்குப் பெயர் வையுங்கள்

கோடை வாசிக்க முடியாமல் செய்வது நெடுவரிசைகளைவிட 40, 41, 99 என்று வரும் இந்த இண்டிகேட்டர் எண்கள்தான். ஆர்பிஜி III-இல், குறிப்பிட்ட ஒரு ரெக்கார்டைத் தேடிப் படிக்கும் செயின் கட்டளையின் 54, 55-ஆம் இடங்களில் 40 என்று இருந்தால், ரெக்கார்டு கிடைக்காதபோது 40 ஆன் ஆகும். நூறு வரி தள்ளி "40 ஆன் என்றால்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். நடுவில் வேறு ஏதாவது 40-ஐத் தொட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தொடவில்லை என்று உறுதியான இடங்களில் 'ஃபவுண்டு' என்ற உள்ளமைந்த செயற்கூறால் மாற்றுங்கள். கோப்பு முடிவுக்கு 'இஓஎஃப்'. தொட்டிருந்தால் ஒரு பெயருள்ள மாறியில் செயினுக்குப் பிறகே மதிப்பைப் பிடித்து வையுங்கள். திரையோடு பேசும் இண்டிகேட்டர்களுக்கு வேறு வழி: திரையின் அமைப்பைச் சொல்லும் டிஸ்ப்ளே ஃபைலுக்கு ஒரு இண்டிகேட்டர் டேட்டா ஸ்ட்ரக்சர் கொடுத்து, 03-க்கு 'வெளியேறு', 61-க்கு 'கடன் வரம்பு தாண்டியது' என்ற பொருளில் பெயர் வைக்கலாம். இந்த ஒரு வேலையை முடித்தாலே புரோகிராம் வாசிக்கக்கூடியதாகிவிடும். நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டுவிட்டு இதையாவது செய்யுங்கள்.

விதிகளை வெளியே எடுங்கள்

இப்போதுதான் உண்மையான புதுப்பித்தல் தொடங்குகிறது. ஆர்டர் பதிவுப் புரோகிராமில் கடன் வரம்பைச் சரிபார்க்கும் சப்ரூட்டீன் ஒன்று இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது வாடிக்கையாளர் ஃபைலைப் படிக்கிறது, நிலுவையைக் கூட்டுகிறது, வரம்போடு ஒப்பிடுகிறது, தாண்டினால் திரையில் செய்தி போடுகிறது. இதில் திரையில் செய்தி போடுவதை மட்டும் புரோகிராமிலேயே விட்டுவிட்டு, மீதியை ஒரு புரொசீஜராக எடுங்கள். உள்ளே போவது வாடிக்கையாளர் எண்ணும் ஆர்டர் தொகையும், வெளியே வருவது முடிவும் காரணமும். சப்ரூட்டீன் எந்த மாறியையும் எங்கிருந்தும் தொடும், புரொசீஜருக்குத் தன் சொந்த மாறிகள் உண்டு. எடுக்கும்போதே கம்பைலர் "இந்த ஃபீல்டு எங்கிருந்து வருகிறது" என்று கேட்கும். அதற்கு விடை தேடும்போது மறைந்திருந்த சார்புகள் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

முதலில் அதே புரோகிராமுக்குள்ளேயே வையுங்கள். சோதனை ஒத்துவந்ததும், பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் புரொசீஜர்களின் தொகுப்பான சர்வீஸ் புரோகிராமுக்கு நகர்த்துங்கள். சர்வீஸ் புரோகிராமுக்கு 'பைண்டர்' மொழியில் ஒரு ஏற்றுமதிப் பட்டியல் எழுத வேண்டும். புதிய புரொசீஜரைச் சேர்க்கும்போது, முந்தைய பட்டியலை 'முந்தையது' என்று வைத்துக்கொண்டு, புதியதைக் கடைசியில் சேர்த்தால் பழைய புரோகிராம்களை மறுபடி பைண்ட் செய்ய, அதாவது அதோடு இணைக்க, வேண்டியதில்லை. நடுவில் செருகாதீர்கள். வரிசை மாறினால் அழைப்பு தவறான புரொசீஜருக்குப் போகக்கூடும். இந்தக் கட்டத்தில் ஆக்டிவேஷன் குரூப்பும் மாற வேண்டியிருக்கும், டிஃபால்ட் அமைப்பில் கம்பைல் செய்த புரோகிராம் சர்வீஸ் புரோகிராமோடு பைண்ட் ஆகாது. பெயருள்ள ஒரு குரூப் வைத்துக்கொண்டு, ஓவர்ரைடுகளும் திறந்த ஃபைல்களும் சரியாகப் பகிரப்படுகின்றனவா என்று மறுபடி சோதியுங்கள்.

எந்த விதியை முதலில் எடுப்பது? பல புரோகிராம்களில் நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கும் விதியை எடுங்கள். விலை, வரி, கடன் வரம்பு இவைதான் பொதுவாக. நகல்களை ஒப்பிட்டால் அவற்றுக்குள் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அவற்றை நீங்களாக ஒன்றாக்காதீர்கள், எது சரி என்று வணிகத் தரப்பு சொல்லட்டும்.

டேட்டாபேஸ்

ஃபைல்களின் வடிவத்தை வரையறுக்கும் பழைய முறையான டிடிஎஸ்ஸில் எழுதிய ஃபைல்கள் எல்லாம் ஏற்கெனவே டிபி2 டேட்டாபேஸில்தான் இருக்கின்றன, இன்றே எஸ்க்யூஎல்லில் படிக்கலாம். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம்: டிடிஎஸ் ஃபைல் தரவைப் படிக்கும்போது சரிபார்க்கிறது, எஸ்க்யூஎல் டேபிள் எழுதும்போதே சரிபார்க்கிறது. அதனால் எண் ஃபீல்டில் வெற்றிடம் கிடக்கும் ரெக்கார்டுகள் டிடிஎஸ் ஃபைலில் வருடக்கணக்கில் இருக்க முடியும், டேபிளுக்கு மாற்றும்போது அவை உள்ளே வராது. மாற்றும் முன் சுத்தம் செய்வதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஃபைலின் வடிவம் மாறினால் அதைப் பயன்படுத்தும் எல்லாப் புரோகிராமும் லெவல் செக் (கம்பைல் செய்தபோதிருந்த வடிவமும் இப்போதைய வடிவமும் ஒன்றா என்ற சோதனை) பிழையில் நிற்கும். லெவல் செக்கை அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், ஃபீல்டுகள் நகர்ந்துபோய் ஒன்றின் மதிப்பு இன்னொன்றில் விழும், எந்தச் செய்தியும் வராது. இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. புதிய பெயரில், நீளமான நல்ல பெயருள்ள நெடுவரிசைகளோடு டேபிளை உருவாக்குங்கள். அதன் மேல், பழைய பிசிக்கல் ஃபைலின் பெயரிலேயே, அதே ரெக்கார்டு ஃபார்மட் பெயரோடு, அதே ஃபீல்டுகள் அதே வரிசையில் வரும்படி ஒரு லாஜிக்கல் ஃபைல் வையுங்கள். ஃபார்மட்டின் லெவல் அடையாளம் பழையதோடு ஒத்திருந்தால், பழைய புரோகிராம்கள் மறு கம்பைல் இல்லாமல் ஓடும். ஒத்திருக்கிறதா என்பதை 'டிஸ்ப்ளே ஃபைல் டிஸ்கிரிப்ஷன்' காட்டும். பழைய ஃபைலின் மேலிருந்த மற்ற லாஜிக்கல் ஃபைல்களையும் புதிய டேபிளின் மேல் திரும்பக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு டேபிளில் புதிய நெடுவரிசை சேர்த்தாலும் பழையவற்றுக்கு அது தெரியாது.

திரை கடைசியில்

மேலாளர்கள் முதலில் கேட்பது திரையைத்தான். 24 வரி, 80 எழுத்து, கறுப்பில் பச்சை. அதன் மேல் ஒரு வலைப்பக்கத் தோற்றத்தைப் போர்த்தினால் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே எதுவும் மாறியிருக்காது. தினமும் நூற்றுக்கணக்கில் ஆர்டர் தட்டுகிறவர்கள் அந்தப் பச்சைத் திரையில் மவுஸைத் தொடாமலே வேகமாக வேலை செய்கிறார்கள். அவர்கள் திரையைக் கடைசியாகத் தொடுங்கள், தொடாமலே இருந்தாலும் தவறில்லை. எப்போதாவது விசாரிக்க வருகிறவர்கள், வெளி வாடிக்கையாளர்கள், மேற்பார்வையாளர்கள் இவர்களுக்கு வலைத்திரை செய்யுங்கள்.

விதிகளை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டதால் இது எளிது. சிஸ்டத்தோடு வரும் ஒருங்கிணைந்த வெப் சர்வீஸ் சர்வர், சர்வீஸ் புரோகிராமில் இருக்கும் புரொசீஜரை அப்படியே ரெஸ்ட் சேவையாக்கி ஜேசனில் பதில் தரும். வலைப்பக்கத்தை எந்த மொழியிலும் எழுதலாம், நோட் ஜேஎஸ்ஸும் பைத்தானும் அதே இயந்திரத்தில் ஓடும். கடன் வரம்பு விதி பச்சைத் திரைக்கும் வலைக்கும் ஒன்றுதான்.

நேரடிப் பயன்பாட்டுக்கு அனுப்பும்போது

ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம். மாற்றும் முன் பழைய ஆப்ஜெக்ட்டின் உரிமையாளர் யார், அது உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுகிறதா என்று 'டிஸ்ப்ளே புரோகிராம்' கட்டளையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் உருவான புதிய ஆப்ஜெக்ட் சோதனையில் ஓடிவிடும், ஏனென்றால் உங்களுக்கு எல்லா அனுமதியும் இருக்கும். காலையில் பில் போடுகிறவருக்கு அனுமதி இல்லை என்று வரும்.

பழைய ஆப்ஜெக்ட்டை நீக்காமல் தனி லைப்ரரிக்கு நகர்த்துங்கள். சிக்கல் வந்தால் அந்த லைப்ரரியை லிஸ்டில் முன்னால் வைத்தால் போதும், அடுத்து சைன் ஆன் செய்பவருக்குப் பழைய புரோகிராம் கிடைத்துவிடும். மாத முடிவு, காலாண்டு முடிவு, ஆண்டு முடிவு மூன்றும் புதிய புரோகிராமில் ஒரு முறையாவது ஓடி முடியும்வரை அந்த லைப்ரரி இருக்கட்டும். அதன் பிறகு அதைச் சேமித்துவிட்டு நீக்கலாம். சேமிக்கும்போது ஆப்ஜெக்ட்டோடு சோர்ஸ், டிஸ்ப்ளே ஃபைல், அப்போதைய பிசிக்கல் ஃபைலின் டிடிஎஸ் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் வையுங்கள். தணிக்கையில் பழைய பில் ஒன்றைக் காட்டி இந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால், அன்றைய கோடை அன்றைய வடிவத்தில் திறந்து காட்ட அந்தத் தொகுப்பு வேண்டியிருக்கும்.